புகைப்புரையில் போட்ட பட்டறை

வீட்டில் ஒரு பட்டறை போடப்போகிறேன், வந்து இடம் பார்த்துச் சொல்லுங்கள் என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருவராவது என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் வளைகுடாவில் வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள். பாறசாலையிலிருந்து அம்பூரிப் பக்கம் மலையேறும் வழியில் மரவேலைக்கு யார் என்று கேட்டால் இன்றும் என் வீட்டைத்தான் கை காட்டுகிறார்கள். வந்தவர்கள் எந்த மிஷின் நல்லது, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும், சீனா பிளேடு வாங்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். தூள் எந்த வழியாக வெளியே போகும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் அந்தக் காலத்தில் கேட்கவில்லை. அதில்தான் என் மனைவி போனாள்.

ஊரில் அவள் புகையால் செத்தாள் என்றுதான் சொல்கிறார்கள். பத்தொன்பது வருஷம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவள், நெஞ்சு கரிந்துபோய்விட்டது என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புகை இல்லை, மரத்தூள். அந்தப் புகைக் கதையைக் கட்டிவிட்டவனும் நான்தான். பட்டறை பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதச் சொல்லிப் பலர் கேட்டாயிற்று. எழுதுகிறேன். இதையும் சேர்த்து எழுதாவிட்டால் நான் சொல்லும் எதற்கும் மதிப்பில்லை.

புகைப்புரை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் வெட்டி எடுத்த பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளை மெஷினில் அடித்து ஷீட்டாக்குவோம். அந்த ஷீட்டை மூங்கில் கழிகளில் துணிபோல் காயப்போட்டு, கீழே விறகும் தேங்காய்த் தொண்டும் எரித்து நாலு நாள் புகை போட வேண்டும். அதற்கென்று வீட்டுக்குப் பின்னால் கட்டுகிற அறைதான் புகைப்புரை. புகை வெளியே போய்விட்டால் ஷீட் சரியாகக் காயாமல் பூஞ்சை பிடிக்கும், விலை போகாது. அதனால் ஒரு சின்ன இடுக்குகூட இல்லாமல் கட்டுவார்கள். எங்கள் புகைப்புரை என் அப்பா கட்டியது. பதினெட்டு அடி நீளம், பதினொரு அடி அகலம், ஒரே ஒரு இரும்புக் கதவு. கூரைக்குக் கீழே முழங்கை அகலத்தில் ஒரு துவாரம், அதையும் பலகையால் மூடிக்கொள்ளலாம். சுவர் நாலும் கரி ஏறி, தொட்டால் விரலில் ஒட்டும்.

நான் பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் ஒரு மரவேலைக் கம்பெனியில் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவேன், நாற்பது நாள் இருப்பேன், போய்விடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு ஏக்கர் ரப்பரையும் பார்த்துக்கொண்டு, பாலை உறையவைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு, விற்று, தனியாகவே இருந்தவள் அவள். நான் திரும்பி வரும்போது ஷீட்டின் விலை விழுந்திருந்தது. பாலை அப்படியே வாங்கிப்போக வண்டி வர ஆரம்பித்துவிட்டதால் யாரும் புகை போடுவதில்லை. புகைப்புரைக்குள் உடைந்த வாளிகளும் கழிகளும் கிடந்தன.

வந்த முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன். இதைவிடப் பட்டறைக்குத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? மழை உள்ளே வராது. எங்கள் பக்கம் ஆனி ஆடியில் மழை சாய்ந்து அடிக்கும், இரும்பு மிஷின் ஒரே வாரத்தில் துருவேறிவிடும். கரி ஏறிய சுவரில் கரையான் அண்டாது. இரும்புக் கதவு, அதனால் திருட்டுப் பயம் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், சத்தம் வெளியே கேட்காது. வீட்டோடு பட்டறை வைக்கப் பஞ்சாயத்தில் லைசன்ஸ் வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும். அதற்கெல்லாம் நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மேலே இருந்த துவாரத்தையும் சாரல் அடிக்காமலிருக்கப் பலகை வைத்து ஆணி அடித்தேன்.

புகைக்கென்று கட்டிய அறையில் பட்டறை போடாதீர்கள். முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். ரப்பர்க்காரர்கள் வீட்டில் இன்று சும்மா கிடக்கும் இடம் அது ஒன்றுதான், அதனால் எல்லோருக்கும் புத்தி அங்கேதான் போகும். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் அதைத்தான் காட்டுகிறார்கள். நல்ல உறுதியான கட்டடம் அண்ணே, ஒரு பொட்டு வெளிச்சம் வராது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன். உள்ளே போவது வெளியே வரக்கூடாது என்று கட்டிய அறை அது. மனிதர் மூச்சு விடுகிற இடமாக அதை யாரும் நினைத்துக் கட்டவில்லை.

மற்ற விஷயங்களில் நான் கெட்டிக்காரன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்டு வருகிறவர்களுக்கு உதவும். வீட்டுக் கரண்டிலிருந்து ஒயர் இழுத்து மிஷினை ஓட்டாதீர்கள். தனி லைன், தனி எர்த்து, மெயின் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில். அறுக்கும் மேசையை அறையின் நடுவில் போட வேண்டும். எட்டடிக் கதவுச் சட்டம் அறுக்க முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி இடம் வேண்டும். அறை சின்னதானால் பின்சுவரில் ஒரு துளை போட்டுப் பலகை வெளியே நீளும்படி செய்துகொள்ளலாம். பிளேடு பலகைக்கு மேலே ஒரு விரல் அகலம் தெரிந்தால் போதும். பலகையைக் கையால் தள்ளக்கூடாது, தள்ளுவதற்கென்று நுனியில் வெட்டுப் போட்ட குச்சி ஒன்று வேண்டும். என்னுடையதைப் பட்டறை போட்ட முதல் நாளே பலாக்கட்டையில் செய்துவிட்டேன். என் விரல் பத்தும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

வேலை மேசையின் உயரத்தைக் கடைக்காரன் சொன்னபடி வைக்கக்கூடாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கப்போட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் சரி. என் உயரத்துக்குப் போட்ட மேசை அவளுக்கு இடுப்புக்கு மேலே வந்தது. அதனால் அவள் ஏறி நிற்க நாலு அங்குலத்தில் ஒரு பலகைமேடை செய்து கொடுத்தேன். அவள் அதன் மேல் ஏறி நின்று, இப்போ நான் உங்களவிட ஒசரமாக்கும் என்று சிரித்தாள்.

ஆமாம், அவளும் பட்டறைக்குள்தான் இருந்தாள். ஆளைக் கூப்பிட்டால் இங்கே ஆசாரிக்கு என்ன கூலி என்று எல்லோருக்கும் தெரியும். நீளப் பலகை அறுக்கும்போது அந்தப் பக்கம் ஒருவர் நின்று பிடிக்க வேண்டும். சும்மா பிடித்தால் போதாது, இழுக்காமலும் தாழவிடாமலும் அதன் போக்கிலேயே வர வேண்டும். கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு அது கடைசிவரை வரவில்லை. அவளுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அவள் வேலை ஆயிற்று. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் தடவியே சொல்லிவிடுவாள். நான் வாங்கியதெல்லாம் பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற அயனியும் பலாவும்தான். நூறு வருஷம் கூரையில் இருந்து, நனைந்து காய்ந்து, உள்ளே பூஞ்சை ஓடிய மரம். அறுத்தால் மஞ்சளாகத் தூள் பறக்கும், தொண்டையில் கசக்கும்.

அந்த மூன்று வருஷமும் எங்களுக்கு நல்ல காலம். இதை மறைக்க மாட்டேன். பத்தொன்பது வருஷம் வாய்க்காமல் போன குடும்ப வாழ்க்கையை நாங்கள் அந்த அறைக்குள்தான் வாழ்ந்தோம். காலையில் கஞ்சி குடித்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போவோம், மத்தியானம் தலை முதல் கால் வரை தூளோடு வெளியே வருவோம். அவள் புருவத்தில் இருக்கிற தூளை நான் ஊதிவிடுவேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கதவும் ஜன்னலும் அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேர் கையிலிருந்து போனவை.

ஒருநாள் ஜன்னல் சட்டம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, இதுல ஒண்ண நமக்க சுவருலயும் வச்சா என்ன என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். சுவரை உடைத்தால் சத்தம் வெளியே போகும், சாரல் அடிக்கும், மிஷின் போய்விடும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். சரி சரி என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. துரு ஏறிய மிஷினை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். அன்றைக்கே ஒரு கல்லைப் பெயர்த்திருந்தால் போதும்.

நான் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டேன், பழக்கம். வளைகுடாவில் ஒவ்வொரு மிஷினுக்கும் தூளை உறிஞ்சி எடுக்கும் குழாய் இருந்தது, அதற்கு மேல் மாஸ்க்கும் போட வேண்டும், போடாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதெல்லாம் முதலாளி சட்டத்துக்குப் பயந்து செய்வது என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். அவளுக்கும் ஒரு மாஸ்க் கொடுத்தேன். வேர்க்கிறது என்று கழற்றிவிட்டுத் தோர்த்துத் துண்டை வாய்மேல் கட்டிக்கொண்டாள். பேசும்போது அதுவும் கழுத்துக்கு இறங்கிவிடும்.

“புகையில கெடந்த நெஞ்சாக்கும் எனக்க. இதுக்குப் பூஞ்ச கூடப் பிடிக்காது,” என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ரப்பர்க்காரர்கள் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள். புகை போட்ட ஷீட் வருஷக்கணக்கில் கெடாது, புகை போடாதது ஒரே மாதத்தில் பூத்துப்போகும். புகைப்புரையில் நின்று பழகிய உடம்பும் அப்படித்தான், அதற்குச் சளி பிடிக்காது, தூசி ஒட்டாது என்று பேச்சு. நானும் சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன். நாற்பது நாடுகளின் ஆட்களோடு வேலை பார்த்துவிட்டு வந்தும் அதை நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

மூன்றாம் வருஷ மழையில் இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல். சுக்குக் காப்பி, கருப்பட்டி, நல்லமிளகு என்று ஓட்டினாள். வேலை அதிகமாக இருக்கும் நாளில் சாயங்காலம் உடம்பு காய்கிறது, நெஞ்சு பிடித்தமாதிரி இருக்கிறது என்று சீக்கிரமே படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை, அன்று கொஞ்சம் தெளிச்சமாக இருப்பாள்.

அந்த ஆவணியில் நெய்யாற்றின்கரையில் அவள் பிறந்த வீட்டில் ஒரு கல்யாணம். முன்னால் போய்ப் பத்து நாள் இருந்தாள். நான் கல்யாணத்துக்குப் போனபோது அவள் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல் இல்லை. புருசன் வீட்டுக் காத்து ஒத்துக்கிடல்ல போல என்று அவளுடைய சித்தி எல்லோர் முன்னாலும் கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மேசைப்பக்கம் நின்று இரும ஆரம்பித்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். தெரிந்தது, மென்று விழுங்கிவிட்டேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். என்ன வேலை என்றார். வீட்டு வேலைதான் என்று நான் சொன்னேன். வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குக் கதவு திறந்துவிட்டமாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம் புகைப்புரையில் நின்ற கதையை முழுக்கச் சொன்னேன், தொண்டு எரித்ததுவரை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அதுதான் காரணம், இனிப் புகை ஆகாது என்று மூச்சில் இழுக்கிற மருந்து கொடுத்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதனால்தான் அது அவ்வளவு நன்றாக நின்றது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னை நானே பலதடவை கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு முழு மரவேலையும் ஒப்புக்கொண்டிருந்தேன், அது ஒரு காரணம். பட்டறையை மூடிவிட்டு இந்த வயதில் எங்கே போவது என்பது இன்னொன்று. ஆனால் அவற்றைவிடப் பெரியது பயம். மரத்தூள் என்று டாக்டர் வாயால் வந்துவிட்டால் அதைச் செய்தவன் யார் என்ற கேள்வி வரும். நான்தான் என்று அவள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

அதற்குப் பிறகு புகையோடு நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் இவனைப்போல மனைவியைப் பார்த்துக்கொள்கிறவன் உண்டா என்றார்கள். விறகடுப்பை இடித்துப்போட்டுக் குளிக்கிற வெந்நீருக்கும் கேஸ் வைத்தேன். வீட்டில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்தி எல்லாம் நிறுத்தினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சருகு கூட்டித் தீ வைத்தார் என்று அவரோடு வாய்ச்சண்டை போட்டு, இன்றுவரை பேச்சு இல்லை. அந்தச் சண்டை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அயனி அறுத்தேன். அவள் அந்தப் பக்கம் நின்று பிடித்தாள்.

காற்றாடி ஒன்று வாங்கினேன், சுவரில் வைத்துக் காற்றை வெளியே தள்ளுவது. பாறசாலையில் கடையில் பார்த்ததும் வாங்கிவிட்டேன். அதை வைக்கச் சுவரை உடைக்க வேண்டும், மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். மழை முடிந்தது, அந்த வீட்டு வேலை முடியட்டும் என்றேன். பெட்டியோடு அது மூன்று மாதம் மேசைக்கடியில் இருந்தது. பிறகு வைத்தேன். வைத்தாலும் அந்த அறையில் காற்று உள்ளே வர வழி இல்லாததால் அது சும்மா சுற்றியது. வெளியே தள்ள வேண்டுமானால் எதிர்ப்பக்கம் உள்ளே வர ஒரு வாசல் வேண்டும். இதை நான் இப்போது வருகிறவர்களுக்குச் சுவரில் சாக்கட்டியால் வரைந்து காட்டுகிறேன்.

அவளாகவே ஒருநாள் வராமல் நின்றுவிட்டாள். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கு ஏறுகிற ஏழு படியில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டி வந்தது. இண்ணைக்கு நீங்களே பாத்துக்குங்க என்றாள். அன்றைக்கு எட்டடிச் சட்டம் அறுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. ரப்பர் மரத்துண்டுகளை வைத்து இடுப்புயரத்தில் ஒரு தாங்கி அடித்தேன். மேலே, ஷீட் அடிக்கும் பழைய மெஷினிலிருந்து வழவழப்பான உருளை ஒன்றைக் கழற்றி மாட்டினேன். பலகை அதன்மேல் தானாக உருண்டு போயிற்று, தாழவுமில்லை, விலகவுமில்லை. காலையில் தொடங்கி மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடித்துவிட்டேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளை முதல் வாரத்தில் செலவழித்திருந்தால் அவள் அந்தத் தூளுக்குள் நின்றிருக்கவே வேண்டாம். தாங்கியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்று அழுதேன். பிறகு மீதிச் சட்டங்களையும் அறுத்தேன்.

உள்ளே வராவிட்டால் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. தூளோடு இருக்கிற சட்டையும் கைலியுமாக வீட்டுக்குள் போவேன், அவள்தான் அதை உதறித் துவைப்பாள். பட்டறையில் போட்ட துணி பட்டறையிலேயே கிடக்க வேண்டும், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். வீட்டோடு பட்டறை வைக்கிறவன் சுவருக்கு எதைப் பூசலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் இதை யோசிக்கட்டும்.

அடுத்த வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சு டாக்டர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், மலையாளத்தில் நிதானமாகப் பேசினாள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டு பக்கமும் கீழ்ப்பாகம் தழும்பேறி இறுகிவிட்டது, அது இனித் திரும்பாது என்றாள். பழைய புகை மட்டும் இதைச் செய்ததுபோல் தெரியவில்லை, ஏதோ ஒன்று இப்போதும் மூச்சில் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து நிறுத்தினால் மீதி இருக்கிற நெஞ்சையாவது கொஞ்சகாலம் காப்பாற்றலாம் என்றாள். புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை. கிளி, லவ்பேர்ட்ஸ்? இல்லை. வீட்டுச் சுவரில் ஈரம், பூஞ்சை? இல்லை. மாவு மில், நெல்லு, வைக்கோல்? இல்லை. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன், டக்டக்கென்று.

மரவேலை ஏதாவது வீட்டில் நடக்கிறதா, ஏதாவது ஒரு பொடி, என்று கேட்டாள்.

கைகளை மடியில் வைத்திருந்தேன், நகக்கண்ணில் வார்னிஷ் இருந்தது, மெல்ல மூடிக்கொண்டேன். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். என் மனைவி என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணும் இல்ல டாக்டரே,” என்றாள், மலையாளமும் தமிழும் கலந்து. “பண்டு கொண்ட புகையாணு.”

பழைய புகைதான் என்று டாக்டர் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வாடகைக் காரில் வந்தோம். பின்னால் நாங்கள் இரண்டு பேரும், முன்னால் டிரைவர் பாட்டுப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் அவள் காலடியில் இருந்தது. நெய்யாற்றின்கரை வரை அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பாலம் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே பேசினாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது.

“அவ கேட்டப்போ… நீங்க சொல்லுவிய, சொல்லுவியன்னு… பாத்துட்டு இருந்தேன்.”

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கேள்வி அதுதான், வெட்கமாக இருக்கிறது.

“நான் சொன்னா உங்களுக்க குத்தத்தச் சொன்னமாதிரி ஆவும்,” என்றாள். “நீங்க சொன்னாத்தான்… எனக்காகச் சொன்னதா இருக்கும்.”

மறுநாள் காலையில் பட்டறையைப் பூட்டினேன். மிஷின்களைப் பிறகு ஒவ்வொன்றாக விற்றேன். துணிகளை எரிக்காமல் தென்னைமூட்டில் புதைத்தேன். வீட்டைக் கழுவினேன், மெத்தை தலையணையெல்லாம் மாற்றினேன். அவள் இன்னும் ஏழு மாதம் இருந்தாள். அதற்குள் அந்த டாக்டரிடம் மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டிய வார்த்தையை மனசுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு போவேன். டாக்டர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூன்று தடவையும் என் மனைவி டாக்டரைப் பார்த்தாள், ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.